நகையை வைக்காதீர்கள், பையனை மாமா பட்டறைக்கே அனுப்புங்கள்

திருவெறும்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தவன். இரண்டு அரியர் இருந்தது, அதையும் எழுதித் தேறிவிட்டான். வேலை மட்டும் அமையவில்லை. சென்னையில் ஒரு பயிற்சி நிலையம் ஆறு மாத டேட்டா சயின்ஸ் படிப்புக்கும் "வேலை உத்தரவாதத்துக்கும்" சேர்த்து 2.75 லட்சம் கேட்கிறது. பெரியப்பா மகன் பெங்களூரில் ஐடியில் இருப்பதால், இவனையும் அந்தப் பக்கமே தள்ளிவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். 10,000 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா, அல்லது அந்த நிலையமே ஏற்பாடு செய்து தரும் இஎம்ஐயில் போகலாமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது. விசேஷ வீட்டுக்குள் காலை வைத்ததுமே "தம்பி என்ன பண்றான்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே அலுத்திருப்பீர்கள். ஆறுதல் இவ்வளவு போதும். நகையை வைக்காதீர்கள், இஎம்ஐயும் வேண்டாம்.

முதலில் அந்த இஎம்ஐயைப் பார்ப்போம். பெரும்பாலும் அது பயிற்சி நிலையத்துக்கு நீங்கள் தவணையில் கட்டும் பணமாக இருக்காது. ஏதோ ஒரு நிதி நிறுவனம் உங்கள் மகன் பெயரில் கொடுக்கும் கடனாக இருக்கும். மொத்தத் தொகையும் முதல் மாதமே நிலையத்தின் கைக்குப் போய்விடும். பாடம் பிடிக்காமல் பையன் இரண்டாம் மாதம் நின்றுவிட்டாலும் கடன் நிற்காது. தவணை தவறினால் அவன் சிபில் மதிப்பெண் விழும். வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். போன பேட்சில் சேர்ந்தவர்கள் பத்துப் பேரோடு பேச வேண்டும் என்றும் சொல்லுங்கள். அங்கேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இரண்டாவது விஷயம் பணத்தைவிடப் பெரியது. பையன் ஏற்கெனவே இரண்டு முறை பைத்தான் வகுப்பில் சேர்ந்து பாதியில் விட்டான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைச் சோம்பேறித்தனம் என்கிறீர்கள். அடுத்த வரியிலேயே, "காலையில் போனால் ராத்திரி வரை துவாக்குடியில் என் தம்பியின் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் உட்கார்ந்து நேரத்தைப் போக்குகிறான், வெல்டிங் தையலை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்" என்றும் இருக்கிறது. யாரும் சொல்லாமல், சம்பளமும் இல்லாமல் ஒருவன் நாள் முழுக்க ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனைச் சோம்பேறி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மனமில்லாத படிப்பில் போய் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு அதே வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளோடு அவன் எப்படிப் போட்டி போடுவான்?

வங்கித் தேர்வு, எம்பிஏ, குரூப் ஃபோர் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை, உங்கள் வீட்டில் எல்லோரும் பேசி முடித்திருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அது உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில்தான் இருக்கிறது.

திருச்சி பெல் தொழிற்சாலை 1965 முதல் உயர் அழுத்தக் கொதிகலன்கள் செய்கிறது. அதை நம்பித் துவாக்குடி, அரியமங்கலம், மாத்தூர் பக்கமெல்லாம் ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது, டபிள்யூஆர்ஐ என்பார்கள். இந்த உலகத்தில் வெல்டர் அளவுக்கு முக்கியமான இன்னொரு ஆள், அந்த வெல்டிங் தேறியதா தேறவில்லையா என்று சொல்லும் ஆள். பொருளை வெட்டாமல் உடைக்காமல் உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் அந்த வேலைக்கு என்டிடி என்று பெயர்.

அதில் முறைகள் பல. டிபி டெஸ்ட் என்றால், சுத்தம் செய்த தையல் மேல் சிவப்புத் திரவத்தை அடித்து, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பி வரும். எம்பிஐ இரும்பைக் காந்தமாக்கித் துகள் தூவிப் பார்ப்பது. யூடி ஒலியலையை உள்ளே அனுப்பி எதிரொலியைத் திரையில் படிப்பது. சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதன் படித்த அண்ணன். ஆனால் இங்கே காதுக்கு வேலையில்லை. 45, 60, 70 டிகிரி புரோப்களை மாற்றி மாற்றி வைத்து, அளவு தெரிந்த மாதிரி இரும்புக் கட்டையில் கருவியைச் சரிபார்த்து, குறை எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அது உள்ளே சிக்கிய கசடா (ஸ்லாக்), உலோகம் உருகி ஒட்டாத இடமா என்று முடிவு சொல்ல வேண்டும். ஆர்டி என்பது கதிர்வீச்சால் படம் எடுப்பது. மெக்கானிக்கல் படித்த பையனுக்கு இதில் புதிதாக மிரள ஒன்றுமில்லை.

இதில் லெவல் ஒன், டூ, த்ரீ என்று படிகள். லெவல் டூ வந்தவன்தான் முடிவை மதிப்பிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாம். எழுத்துத் தேர்வு இரண்டு, செய்முறை ஒன்று. ஒவ்வொன்றிலும் 70, சராசரி 80 வேண்டும். பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க முடிகிறதா என்ற கண் சோதனை வருடாவருடம் உண்டு, நிறம் பிரித்தறியவும் வேண்டும். ஆகவே முதல் செலவு கண் டாக்டருக்கு. கண் சரியில்லை என்றால் இந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

இங்கேயும் ஏமாற்று உண்டு. "பத்தே நாளில் ஐந்து முறைக்கும் லெவல் டூ, உடனே கல்ஃப்" என்று ஒட்டியிருக்கும் போஸ்டர் பக்கம் போகாதீர்கள். நம் ஊரில் அதிகம் புழங்கும் எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க என்டிடி சங்கத்தின் விதிமுறையில் சான்று தரும் பொறுப்பு வேலை கொடுக்கும் நிறுவனத்துடையது. யூடி லெவல் டூவுக்கு வகுப்பு மட்டும் போதாது, லெவல் ஒன்னில் 210 மணி நேரமும் அதற்கு மேல் 630 மணி நேரமும் கருவியோடு வேலை பார்த்திருக்க வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. அந்த மணிக்கணக்கு இல்லாத சான்றிதழோடு போனால் கம்பெனியில் கேட்கிற இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வான். கல்ஃப் பேச்சு எடுக்கும் ஏஜென்டிடம் உரிமம் இருக்கிறதா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். உரிமம் உள்ளவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். லட்சம் கேட்கிறவரோடு பேச்சே வேண்டாம்.

ஒரே மூச்சில் எல்லாம் படிக்க வேண்டியதில்லை. டிபி, எம்பிஐ முதலில், பிறகு யூடி. டபிள்யூஆர்ஐயிலும், சென்னையில் தலைமையகம் உள்ள ஐஎஸ்என்டி என்ற சங்கத்தின் வழியாகவும் பயிற்சிகள் நடக்கின்றன. ஒரு முறைக்கான கட்டணம் ஆயிரங்களில்தான், லட்சங்களில் இல்லை. அடுத்த பயிற்சிக்கான பணத்தை அவன் சம்பாதித்துக் கட்டட்டும், இதில் நான் கறாராக இருப்பேன். ஆர்டி இப்போதைக்கு வேண்டாம். அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சி தேவை, உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் இல்லாமல் அந்த இடத்துக்குள் போகவே கூடாது. "பேட்ஜ் எல்லாம் சும்மா" என்று சொல்லும் கான்ட்ராக்டரிடம் ஒரு நாள்கூட வேலை பார்க்க வேண்டாம்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பச் சம்பளம் பெங்களூர் அண்ணன் சம்பளத்துக்கு அருகில் வராது. முதல் வருடம் ஹெல்பர் மாதிரிதான், தையலைத் துடைக்கவும் கேபிள் இழுக்கவும் வைப்பார்கள். பராமரிப்புக்காக ரிஃபைனரியை நிறுத்தும் ஷட்டவுன் என்றால் இரவும் பகலும் போகும். ஏணி ஏற வேண்டும், டேங்குக்குள் இறங்க வேண்டும். பெண் பார்க்கப் போகும்போது "சைட் வேலையா?" என்று இழுப்பார்கள். அந்த இழுப்புக்குப் பயந்து 2.75 லட்சம் கடன் வாங்குவதை என்னால் நியாயப்படுத்த முடியாது.

வேலை தேடும் விதமும் மாற வேண்டும். போர்ட்டலில் நூறு கம்பெனிக்கு ஒரே பயோடேட்டாவை அனுப்புவது இங்கே எடுபடாது. மாமாவின் பட்டறைக்கு வாங்குபவர் சார்பில் சோதிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், என்டிடி ஏஜென்சி ஆட்கள் வருவார்கள். அவர்கள் பின்னால் ஒரு மாதம் நிற்கட்டும். ஒரு நோட்டில் தினமும் எழுதட்டும்: எந்த ஜாயின்ட், என்ன கனம், என்ன குறை, ரிப்பேருக்குப் பிறகு தேறியதா. டிராயிங்கில் வெல்டிங் குறியீடு படிக்கவும், வெல்டிங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் டபிள்யூபிஎஸ் தாளைப் புரிந்துகொள்ளவும் மாமாவிடமே கற்கலாம். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஏஜென்சியின் தரக்கட்டுப்பாட்டு (க்யூசி) மேனேஜரை நேரில் பார்க்கட்டும். வேலைக்குச் சேர்ந்ததும் எந்த முறையில் எத்தனை மணி நேரம் பார்த்தான் என்பதை லாக் புக்கில் எழுதி லெவல் டூ ஆளிடம் கையெழுத்து வாங்குவதை மறக்கவே கூடாது. வேலை மாறும்போது அவன் கையில் இருக்கும் சொத்து அதுதான்.

மேலே ஏற வழி நிறைய. ஃபேஸ்டு அரே யூடி, டாஃப்டி என்று ஒலியலைக் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கொதிகலன், அழுத்தக் கலன்களுக்கான ஏஎஸ்எம்இ கோடு என்ற விதிநூலைப் படித்து, பிசகில்லாத ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவன் சீக்கிரம் முன்னே போவான். அங்கிருந்து வெல்டிங் இன்ஸ்பெக்டர், லெவல் த்ரீ. இந்த வேலைக்கு ஆள் கேட்கிற இடங்கள் மணலி ரிஃபைனரியில் தொடங்கி கல்பாக்கம், கப்பல் கட்டும் தளம், விமானப் பராமரிப்பு வரை இருக்கின்றன.

முன்பணம் 10,000-ஐத் திருப்பிக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். வந்தால் அதை டிபி, எம்பிஐ பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் போகட்டும், அதை மீட்பதற்காக மீதியைக் கட்டிவிடாதீர்கள். பெரியப்பாவிடம் நான்தான் தடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள்.