ராலே சைக்கிளுக்கு 'ஒரிஜினல்' செட்: 18,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: தாத்தா ஏற்காடு காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தபோது வாங்கிய இங்கிலாந்து ராலே சைக்கிள் வீட்டில் கிடக்கிறது. ஓவராயில் பண்ணி, ஒரு தடவையாவது அதில் ஏற்காடு போய்வர ஆசை. பழைய சாமான் வியாபாரி ஒருவர், "இப்ப வர்ற லூதியானா சரக்கு ஆறு மாசம் தாங்காது, எங்கிட்ட ஒரிஜினல் செட் இருக்கு, 18,500 ரூபாய்" என்கிறார். சைக்கிள் கடைக்காரரோ எல்லாவற்றையும் புதுசாகவே மாட்டிவிடலாம் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டு பேரையுமே முழுசாக நம்பாதீர்கள். தரம் இறங்கியிருப்பது உண்மைதான். ஆனால் எல்லாச் சாமானிலும் இறங்கவில்லை. இறங்கிய இடத்துக்கும் இந்த 18,500 ரூபாய் மருந்தில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ராலே சைக்கிள் செய்வது நின்று 20 வருடத்துக்கு மேலாகிறது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் இருந்த சென்-ராலே சைக்கிள் ஆலை 1980-ல் அரசுடைமையாகி, அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. 1951-ல் தொடங்கிய அட்லஸ் சைக்கிள் கம்பெனி, 2020 ஜூன் 3-ம் தேதி டெல்லிக்குப் பக்கத்து சாகிபாபாத் ஆலையை நிறுத்தியது. அன்றைக்குத்தான் உலக சைக்கிள் தினம்! கறுப்பு சைக்கிள் வாங்க வருகிறவர் இன்று விலையை மட்டும்தான் கேட்கிறார். அந்த விலைக்குள் அடங்க பஞ்சாபின் லூதியானாவில் சைக்கிள் சாமான் செய்யும் சின்னப் பட்டறைகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைவைக்கின்றன: இரும்பைச் சூடேற்றிக் கடினப்படுத்துவதில் கொஞ்சம், குரோமுக்கு அடியில் ஏற வேண்டிய நிக்கலில் கொஞ்சம்.

டயர், டியூப், செயின், பிரேக் கட்டை, பால்ஸ் (பேரிங் குண்டு) இதெல்லாம் தேயத்தான் செய்யும். புதுசு வாங்குங்கள். உங்கள் சைக்கிளின் 28 x 1½ டயர் இன்னமும் நம் நாட்டில்தான் தாராளமாகக் கிடைக்கிறது. இதில் 'இம்போர்ட்டட்' என்று எவராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பால்ஸை மட்டும் சைக்கிள் கடையில் வாங்காமல் பேரிங் கடையில் வாங்குங்கள்.

பெடல் மாட்டிய தண்டை (கிராங்க்) பெடல் ஆக்சிலோடு இறுக்கும் ஆப்புதான் காட்டர் பின். அதில்தான் மட்டச் சரக்கு நன்றாகத் தெரியும். மாட்டி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் கழற்றி, அதன் தட்டைப் பக்கத்தைப் பாருங்கள். ஆக்சில் அழுத்திய தடம் பள்ளமாக விழுந்திருந்தால் இரும்பு மெத்து. அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் 'டக் டக்' கேட்கும். ஒரு லேத் பட்டறையில் பழைய பின்னைக் காட்டி, நல்ல இரும்பில் அதே கனத்துக்கு இரண்டு கடைந்துகொள்ளலாம். பழையது காணவில்லை என்றால் கிராங்க் துளையை அளந்து செய்யச் சொல்லுங்கள். ஒன்பது மில்லிமீட்டரும் ஒன்பதரையும் பார்வைக்கு ஒன்றுதான், பொருந்தாது.

கடைக்காரர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் புதுசாக மாட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. பெடல் ஆக்சில் உட்காருகிற பிபி கப். நம் ஊர் மற்ற சைக்கிள்களில் பெரும்பாலும் இந்தக் கப்பின் மரை அங்குலத்துக்கு 24. நாட்டிங்காம் ராலேவில் 26. குறுக்களவு ஒன்றே என்பதால் லோக்கல் கப் ஒன்றிரண்டு சுற்று சாதுவாக உள்ளே போகும், பிறகு இறுகும். நம் ஆள் என்ன செய்வார்? 'பெயிண்ட் அடைச்சிருக்கு சார்' என்று சொல்லிப் பெரிய ஸ்பேனராகப் போட்டு ஏறி மிதிப்பார். ஃபிரேமின் மரை அத்தோடு காலி. அதனால் புதுக் கப்பை ஃபிரேமில் வைக்கும் முன் பழைய கப்போடு பக்கவாட்டில் மரையோடு மரை சேர்த்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். பல்லோடு பல் படிந்து வெளிச்சம் வராவிட்டால் ஒரே மரை. நடுவே கீற்றாக வெளிச்சம் வந்தால் கப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்னால் இருக்கும் ராலே பேட்ஜை வைத்து முடிவு செய்யாதீர்கள், பேட்ஜை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். பெரும்பாலும் பழைய கப்பே போதும்: மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளே குழி விழாமல் பளபளவென்று இருந்தால் புதுப் பால்ஸும் கிரீஸும் வைத்து மூடிவிடலாம்.

அந்த 'ஒரிஜினல் செட்' விஷயத்துக்கு வருகிறேன். அட்டைப்பெட்டி பழுப்பேறி இருக்கும், அதில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப் படாமல் மின்னும். பெட்டிதான் பழசு, உள்ளே இருப்பது போன மாதச் சரக்கு. 'உங்க பழசைக் கொடுத்தா ரெண்டாயிரம் கழிச்சுக்கறேன்' என்று அடுத்துச் சொல்வார். அவருக்கு வேண்டியதே அதுதான். உங்கள் செயின்வீலில் நாரைத் தலை வெட்டியிருக்கிறதா பாருங்கள். அது ராலேயின் முத்திரை. அதைத்தான் அடுத்த ஆளிடம் 'ஒரிஜினல்' என்று விற்பார். கழற்றிய ஒரு போல்ட்டைக்கூட விடாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். கொலுசுக்கு பாலிஷ் போடும் பட்டறைகள் சேலத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன என்பதற்காக அங்கே கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டாம். பஃபிங் சக்கரம் துருவோடு சேர்த்துப் பொறித்த எழுத்தையும் தின்றுவிடும்.

பில் கேளுங்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. ஆனால் டப்பாவில் கொட்டி வைத்து உதிரியாக விற்கும் காட்டர் பின்னில் எம்ஆர்பி ஏது, தயாரித்தவர் பெயர் ஏது? எந்த விலை இறங்கியது என்று யார் பார்ப்பது? புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி, 'பில் இருக்கா?' பில் தராததுதானய்யா புகாரே!

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள், உருட்டிக்கொண்டாவது ஏறிவிடலாம். இறங்குவதுதான் பயம். இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் பிடிக்காது. பழைய கட்டையானாலும் புதுக் கட்டையானாலும் அதே கதைதான். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மழை தூறினால் சைக்கிளை வேனில் ஏற்றிவிடுங்கள்.

அந்த வியாபாரியிடம் ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், செட்டாக வேண்டாம், ஒரு ஜோடி பெடல் மட்டும் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிரித்துத் தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.