பொலிவியா: கேஸ் காசு வந்ததும் போனதும் (வடசென்னை நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்)

2006 ஜனவரியில் ஏவோ மொராலெஸ் பதவியேற்றார். 2025 இறுதியில் லூயிஸ் ஆர்சே இறங்கினார். நடுவில் ஓராண்டு தவிர, இத்தனை காலமும் பொலிவியாவை ஆண்டது ‘மாஸ்’ என்ற இடதுசாரிக் கட்சி. அந்த ஆட்சியின் பொருளாதாரத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

ராயபுரம், கல்லூரி மாணவி: சார், ஒரே வரியில சொல்லுங்க. இடதுசாரி ஆட்சியில அந்த நாடு உருப்பட்டுச்சா, இல்லையா?

ஒரே வரியில் சொன்னால் அது பொய்யாகிவிடும், அம்மா. எந்த வருஷத்தைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது பதில். 2005-ல் பொலிவியாவில் நூற்றுக்கு 60 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2019-ல் 37 பேர். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்கள் 38 பேர் இருந்தது 15-க்கும் கீழே வந்தது. 2013-ல் வளர்ச்சி 6.8 சதவீதம். 1985-ல் விலைவாசி ஒரே வருஷத்தில் 8,000 சதவீதத்துக்கு மேல் ஏறிய நாடு அது. அங்கே பல வருஷம் விலைவாசியைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். இதெல்லாம் நிஜமாகவே நடந்தது. யாரும் மறுக்க முடியாது.

இப்போது இன்னொரு கணக்கைப் பார். நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2005-ல் சுமார் 170 கோடி டாலர். 2014-ல் 1,500 கோடி. 2023 முடிவில் மறுபடி 170 கோடி. அதிலும் பெரும்பகுதி தங்கம். கையில் ரொக்க டாலர் 20 கோடிகூட இல்லை. 2023 மார்ச்சில், அரசு இயங்கும் லா பாஸ் நகரில் மத்திய வங்கி வாசலிலேயே சனங்கள் டாலருக்கு வரிசை கட்டி நின்றார்கள். ஏழைகள் கரையேறியதும் உண்மை, கஜானா காலியானதும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்கிறவர் கட்சிக்காகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்.

எல்லோருக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன்: வருஷத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி: தோழர், கேஸ் விலை ஏறிச்சு, காசு வந்துச்சு. இதுல இடதுசாரிக்கு என்ன பெருமை?

நல்ல கேள்வி, ஐயா. பொலிவியா வெளிநாட்டுக்கு விற்ற இயற்கை எரிவாயுவின் (கேஸ்) விலை ஏறியது அதிர்ஷ்டம்தான். 2005, 2006 வாக்கில் உலக வங்கியும் ஐஎம்எஃப்பும் பழைய கடனைத் தள்ளுபடி செய்ததும் அதிர்ஷ்டம்தான். ஆனால் விலை மட்டும் ஏறியிருந்தால் லாபம் கம்பெனிகளுக்குப் போயிருக்கும். 2003-ல் கேஸுக்காக, லா பாஸை ஒட்டிய எல் ஆல்ட்டோ நகரில் சனங்கள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். அன்றைய ஜனாதிபதி நாட்டை விட்டே ஓடினார். அந்த அழுத்தத்தில்தான் 2005-ல், மொராலெஸ் வருவதற்கு முன்பே, அரசுக்குப் பாதிப் பங்கு என்று சட்டம் வந்தது. 2006 மே தினத்தன்று மொராலெஸ் கேஸ் வயல்களுக்கு ராணுவத்தை அனுப்பி, பெரிய வயல்களில் தற்காலிகமாக 82 சதவீதம் அரசுக்கு என்றார். எல்லோரும் கம்பெனிகள் ஓடிவிடும் என்றார்கள். ஒன்றும் ஓடவில்லை. பிரேசிலின் பெட்ரோபிராஸ், ஸ்பெயினின் ரெப்சோல் எல்லாம் அந்த அக்டோபரிலேயே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. வாசலில் நின்று பேரம் பேசத் தைரியம் வேண்டும். அந்தப் பெருமையை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும்.

வந்த காசையும் உடனே வாரி இறைக்கவில்லை. 2006 முதல் 2013 வரை வரவுக்குள்தான் செலவு. பள்ளிப் பிள்ளைக்கு வருஷம் 200 பொலிவியானோ (அந்த நாட்டுப் பணம்), அறுபது தாண்டிய எல்லோருக்கும் ஓய்வூதியம், கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை. பெரும்பாலும் அந்தக் காசில்தான்.

வியாசர்பாடி: வெனிசுவேலா மாதிரிதானே ஆச்சு?

இல்லை. வெனிசுவேலா எண்ணெய் 100 டாலர் விற்ற காலத்திலேயே பற்றாக்குறையில் ஓடிய நாடு. 2003-லிருந்து டாலருக்குக் கட்டுப்பாடு, ஒரே டாலருக்குப் பல விலை. அரசு விலையில் டாலர் வாங்கி வெளியே விற்றவன் கொழுத்தான். 2014-ல் எண்ணெய் விலை விழுந்தபோது கையில் சேமிப்பு இல்லை. அமெரிக்கத் தடைகள் 2017-லும் 2019-லும் வந்து நிலைமையை இன்னும் மோசமாக்கின. ஆனால் சரிவு அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. எழுபது லட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டுப் போனார்கள். பொலிவியாவில் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அதே 2014-ல் பொலிவியாவின் கையிருப்பு உச்சத்தில் இருந்தது.

காசிமேடு, விசைப்படகு உரிமையாளர்: அங்க டீசல் மானியம்தான் நாட்டைக் கெடுத்துச்சுன்னு ஒரு வீடியோல சொன்னான். அப்ப எங்களுக்குத் தர்ற டீசல் சலுகையும் தப்பா சார்?

அண்ணே, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பொலிவியாவில் டீசல் லிட்டர் 3.72 பொலிவியானோ என்று கட்டி வைத்தார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் அதே விலை. நாடோ தனக்கு வேண்டிய டீசலில் பெரும்பகுதியை டாலர் கொடுத்து வெளியே வாங்குகிறது. கேஸ் விற்ற டாலர் இருந்தவரை வலிக்கவில்லை. 2014-ல் கேஸ் ஏற்றுமதி சுமார் 600 கோடி டாலர், 2023-ல் 200 கோடி. புது வயல் தேடிப் போதுமான துளை போடவில்லை, பழைய வயல் வற்றியது. டீசல் செலவு மட்டும் குறையவில்லை.

உங்கள் சலுகைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் வரிவிலக்கு டீசல் படகுக்கு இவ்வளவு என்று அளவு வைத்து, பதிவு பார்த்து ஊற்றுவது. அங்கே இருந்ததோ எல்லோருக்கும் ஒரே மலிவு விலை. சாந்தா குரூஸ் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் சோயா போடும் பண்ணைக்காரருக்கும் அதே விலை, பெருவுக்கு டீசல் கடத்துகிறவனுக்கும் அதே விலை. யார் அதிகம் எரிக்கிறானோ அவனுக்கே அதிக மானியம். இது ஏழைக்கான திட்டமே இல்லை.

ஷேர் ஆட்டோ ஓட்டுநர், மூலக்கடை (குறுக்கே): அப்ப எடுத்துட வேண்டியதுதானே?

எடுத்துப் பார்த்தார்கள், தம்பி. 2010 டிசம்பர் 26, கிறிஸ்துமஸ் மறுநாள். பெட்ரோல் 70 சதவீதத்துக்கு மேல், டீசல் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே ராத்திரியில் ஏற்றினார்கள். மொராலெஸுக்கு ஓட்டுப் போட்ட எல் ஆல்ட்டோ சனமே தெருவுக்கு வந்தது. 31-ம் தேதி உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் மாஸ் ஆட்சி முடியும்வரை யாருக்கும் கை வைக்கத் துணிவு வரவில்லை.

காசிமேடு: சனம் தெருவுக்கு வந்திருக்காதா பின்னே? டீசல் ஏறினா ஐஸ் ஏறும், மீன் ஏறும். படகு கரையிலதான் நிக்கும்.

சரிதான் அண்ணே, அந்தக் கோபம் நியாயமானது. ஒரே ராத்திரியில் செய்ததுதான் குற்றம். கஜானா நிறைந்திருந்த 2012, 2013-ல் மாதாமாதம் கொஞ்சமாக ஏற்றி, பஸ்ஸுக்கும் சிறு விவசாயிக்கும் உங்களுடையது மாதிரி அளவு வைத்துக் கொடுத்திருக்கலாம்.

மூலக்கடை: அளவு வெச்சா அந்த அட்டையும் பிளாக்ல விப்பான் சார்.

கொஞ்சம் விற்பான். கடத்தல் லாரி அளவுக்கு விற்க முடியாது. நடந்தது என்ன என்று பாருங்கள். 2024, 2025-ல் மலிவு விலை எழுதிய பங்கில் டீசலே இல்லை. லாரிக்காரர்கள் நாள்கணக்கில் வண்டிக்குள்ளேயே படுத்து வரிசையில் காத்திருந்தார்கள். 6.96 பொலிவியானோ என்று கட்டி வைத்த டாலர், வெளியே இரு மடங்குக்கு மேல் போனது. 2025-ல் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மாஸ் ஆட்சி இருந்தவரை பங்கில் விலையை ஏற்றவில்லை, மார்க்கெட்டில் அரிசி விலை ஏறியது. ஆட்டோ ஓட்டுகிறவர்தான் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். என் ஆதங்கமே இதுதான்: வறுமையைக் குறைக்க அத்தனை கஷ்டப்பட்ட ஆட்சி, அதே ஏழையை டாலர் தட்டுப்பாட்டில் மாட்டவிட்டது.

டீசலைப் பற்றி இன்னும் ஏழு கேள்வி இருக்கிறது. இதோடு விடுகிறேன், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பெரம்பூர்: வெனிசுவேலா மாதிரி ஆகாம எப்படித் தப்பிச்சாங்க?

மேலே வியாசர்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எண்ணூர்: லித்தியம் இருக்கே, அதை வித்தா சரியாப் போகாதா?

உயுனி உப்புப் பாலைவனத்தில் ஏராளமாக இருக்கிறது. உப்புநீரை வெயிலில் வற்றவைத்துப் பிரித்தெடுப்பது கஷ்டம். மெக்னீசியம் அதிகம், மழையும் உண்டு. அரசின் பெரிய ஆலை 2023 டிசம்பரில்தான் திறந்தது. மண்ணுக்குள் இருப்பதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கொருக்குப்பேட்டை: 2019-ல் மொராலெஸ் பதவி இழந்தது ராணுவச் சதியா, இல்லையா?

அரசியல் தெரிந்தவரைக் கேளுங்கள். நான் பொருளாதாரம் மட்டும் பேசுகிறேன்.

தண்டையார்பேட்டை, ஒப்பந்தத் தொழிலாளி: அங்க ரெண்டு போனஸாமே?

உண்மைதான் தம்பி. 2013-ல் ஓர் உத்தரவு போட்டார்கள். வளர்ச்சி 4.5 சதவீதத்தைத் தாண்டினால் கிறிஸ்துமஸுக்கு வழக்கமான போனஸோடு இன்னொரு மாதச் சம்பளம். கேட்க இனிக்கிறது. ஆனால் அங்கே பத்தில் எட்டு பேர் உங்களைப் போல, சம்பள ரசீது இல்லாதவர்கள். தெருவில் கடை போடுகிறவர்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் முதல் போனஸே கிடையாது. பின்னி மில் மாதிரி பதிவேட்டில் பெயர் உள்ள வேலைகளைப் பெருக்காமல், இருக்கிற கொஞ்சம் பேருக்கு இரண்டாவது போனஸ் கொடுத்தார்கள். தொழிலாளர் ஆட்சி என்று சொல்லிக்கொண்டவர்கள் முதலில் கவனித்திருக்க வேண்டியது அந்த எட்டுப் பேரைத்தான்.

கொளத்தூர்: சார், வெனிசுவேலா...

இல்லை.

ராயபுரம் மாணவி (மறுபடி): புராஜெக்டுக்கு இதையே எடுக்கலாமா சார்? எங்க ஆரம்பிக்கட்டும்?

தாராளமாக எடு. 2005-லிருந்து 2024 வரை வருஷா வருஷம் மூன்றே வரிசை எழுது: வறுமை, கேஸ் ஏற்றுமதி, கையிருப்பு. வறுமைக்குப் பொலிவியப் புள்ளியியல் நிறுவனம், கையிருப்புக்கு அதன் மத்திய வங்கி. ஆங்கிலத்தில் வேண்டுமானால் உலக வங்கியின் பக்கத்தில் பெரும்பாலும் கிடைக்கும். 2014-ல் ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னும் பின்னும் தனித்தனியாக எழுது. வரைபடம் தயாரானதும் அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன்.