வாசகர் கேள்வி, இயன்மருத்துவர் பதில்: பத்துத் தரம் போயும் கை உயரவில்லை

கேள்வி: எனக்கு 54 வயது, சீனி வருத்தம் இருக்கிறது. ஐந்து மாதமாக இடது தோள் இறுகிக் கிடக்கிறது. கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டைக் கொளுக்கி போட முடியவில்லை. ஓரிடத்தில் பத்துத் தரம் சூடும் கரண்டும் பிடித்தார்கள். ஒரே அறையில் நாலைந்து பேர். இப்போது ஒரு சின்னத் தனியார் கிளினிக்கில் தனியாக 45 நிமிடம் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். கட்டணம் கூட. அந்தக் காசுக்குப் பெறுமதி இருக்கிறதா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: அந்த 45 நிமிடத்தில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அம்மா. தனியறையில் படுக்கவைத்து அதே சூட்டையும் கரண்டையும் பிடித்து அனுப்பினால் பெறுமதி இல்லை. சூடு நோவைக் கொஞ்ச நேரம் தணிக்கும், அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருக்கக்கூடும். அதைச் சூடு மட்டும் இளக்காது. சீனி வருத்தக்காரருக்கு இது அதிகமாக வரும், ஆறவும் கூடக் காலம் எடுக்கும்.

முதல் நாளே அளவெடுக்க வேண்டும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடக்கி, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார்கள். நல்ல கை சாதாரணமாக 60 பாகை அளவுக்குப் போகும். இறுகிய தோள் 10, 20 பாகையிலேயே சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். நீங்களாகத் திருப்பினாலும் தெரப்பிஸ்ட் (இயன்மருத்துவர்) பிடித்துத் திருப்பினாலும் அதே இடத்தில் நின்றால், எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் அந்த உறை சுருங்கிய தோள், அதாவது உறைத்தோள்தான். அவர் தூக்கும்போது கை முழுதாகப் போய், நீங்களாகத் தூக்கும்போது மட்டும் முடியாவிட்டால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் கிழிந்திருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. இந்தச் சோதனை செய்யாமல் எத்தனை தரம் கரண்ட் பிடித்தும் பிரயோசனமில்லை.

இன்னொன்று. கையை உயர்த்தச் சொன்னால், தோள் இறுகியவர் தன்னை அறியாமலே தோள்பட்டையைக் காதுவரை தூக்கி, உடம்பை மறுபக்கம் சாய்த்து உயர்த்திவிடுவார். கை மேலே போயிருக்கும், மூட்டு அசைந்திருக்காது. தெரப்பிஸ்ட் ஒரு கையால் தோள்பட்டை எலும்பை அமத்திப் பிடித்து, மற்றக் கையால் மேற்கையை நகர்த்தினால்தான் மூட்டு எவ்வளவு அசைகிறது என்பது தெரியும். ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்கிறவருக்கு இது ஏலாது. கூடுதல் கட்டணம் இதற்குத்தான் கொடுக்க வேண்டும்.

இரவில் நித்திரையைக் கெடுக்கும் நோவு இன்னும் இருந்தால் இழுத்து வளைக்கக் கூடாது. இழுத்தால் இறுக்கம் கூடும். நோ குறைந்து இறுக்கம் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் இழுக்கலாம். அப்போது வீட்டில் நாளுக்கு இரண்டு, மூன்று தரம்:

முன்னால் குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, மற்றக் கையைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் மெல்ல ஆட்டுங்கள். பிறகு கதிரையில் இருந்து மேசைமேல் ஒரு துவாயை விரித்து, அதில் உள்ளங்கையை வைத்து முன்னால் வழுக்கவிடுங்கள். முடிவில் 10 விநாடி, 10 தரம். கடைசியாகப் படுத்து, மேற்கையின் கீழே சுருட்டிய துவாய் வைத்து, தும்புத்தடிக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இதுவும் 10 விநாடி, 10 தரம். முழங்கை விலாவை விட்டு விலகினால் கணக்கில் சேராது. நோ பத்துக்கு நாலைத் தாண்டக் கூடாது, ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிட வேண்டும். அன்றிரவு நோவால் நித்திரை கெட்டால் மறுநாள் அளவைப் பாதியாக்குங்கள்.

தோலில் உணர்வு குறைந்திருந்தால் சூட்டுப் பையை முதலில் உணர்வுள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். தோளுக்கு ஸ்டீராய்ட் ஊசி போடச் சொன்னால் உங்கள் சீனி வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு போடுங்கள்; சில நாளைக்குச் சீனி ஏறும். முழுதாகச் சுகமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். பத்துத் தரத்தில் சரியாக்குவோம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். முதல் மாதம் கிழமைக்கு ஒருமுறை, பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனால் போதும். ஒவ்வொரு முறையும் அந்தப் பாகை அளவைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆறு கிழமையாக இலக்கம் அசையாவிட்டால் செய்முறையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு மூட்டு வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றி மூன்று கிழமை. நோவுக்குப் பயந்து முழங்காலின் கீழே தலையணை வைத்தே படுக்கிறா. மடக்குகிறா, ஆனால் கால் நேராக நீளுதில்லை. அடிக்கடி திருகோணமலைக்குக் கொண்டுவர வசதியில்லை.
(வாசகர், மூதூர்)

பதில்: அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மடங்கிய நிலையில் சுகமாகக் கிடந்தால் பின்பக்கத் தசையும் உறையும் அப்படியே சுருங்கும். மடக்கத்தைப் பிறகும் மீட்கலாம். நீட்டத்தை முதல் கிழமைகளில் விட்டால் மீட்பது மிகவும் கஷ்டம். நேராகாத காலோடு நின்றால் தொடைத் தசைக்கு ஓய்வே இராது, நடை நொண்டும்.

தலையணை குதிக்காலின் கீழே போகட்டும், முழங்கால் வெறுமையாகத் தொங்கட்டும். 10 நிமிடம், நாளுக்கு நாலைந்து தரம். அதே நிலையில் முழங்காலைக் கட்டிலை நோக்கி அமத்தி 5 விநாடி, 10 தரம். வைத்தியர் தந்த நோ மாத்திரையை அரை மணித்தியாலம் முன்னரே குடிக்கக் கொடுங்கள். முடிந்ததும் ஐஸைத் துவாயில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சத்திரசிகிச்சை செய்த கால் முதலில்.

கிழமைக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்தால் போதும், ஆனால் வீட்டில் செய்விக்கிறவரும் கூட வர வேண்டும். தெரப்பிஸ்ட் அவரின் கையைப் பிடித்துப் பழக்குவார். கெண்டைக்கால் வீங்கி நொந்தால், காயத்தில் சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் அப்பியாசத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: கரைவலை இழுக்கிற எனக்கு இடுப்பு நோ, வலது கால்வரை இறங்குது. பெல்ட் கட்டிப் படுத்திருக்கச் சொல்கிறார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்தால் மாறுமா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: இளஞ்சூட்டு நீர் தசையைத் தளர்த்தும், குளியுங்கள். நரம்பு நெருக்கப்பட்டிருந்தால் அதைக் கிணற்று நீர் விடுவிக்காது. இரண்டு நாளுக்கு மேல் படுக்கவும் வேண்டாம். குப்புறப் படுத்து, இடுப்பைப் பாயில் வைத்தபடி கைகளை ஊன்றி மேல் உடம்பை உயர்த்துங்கள், 10 தரம். நோ காலிலிருந்து இடுப்புக்கு ஏறி வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அடையாளம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டுத் தெரப்பிஸ்டிடம் காட்டுங்கள்.

மாரியில் மாதக்கணக்காகச் சும்மா இருந்த முதுகு, தொழில் தொடங்கிய அன்றே முழுப் பாரத்தை இழுப்பதால்தான் பலருக்கு இது வருகிறது. கயிற்றைப் பிடித்து முதுகைக் கூனாமல், முழங்கால் மடக்கிப் பின்னால் சாய்ந்து காலால் மணலைத் தள்ளுங்கள்.

மலவாசலைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் நிற்றல், பாதம் தூக்க முடியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கேள்வி: நல்ல கிளினிக் என்று எப்படி அறிவது? முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?
(வாசகி, உவர்மலை)

பதில்: தெரப்பிஸ்ட் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துத் துண்டு, வைத்தியரின் கடிதம் எல்லாம் கொண்டுபோங்கள். முழங்காலுக்கென்றால் தளர்ந்த அரைக்காற்சட்டை, தோளுக்கென்றால் கையில்லாச் சட்டை. மூட்டைத் துணிக்கு மேலால் பார்த்து அளக்க முடியாது. பெண் தெரப்பிஸ்ட் வேண்டுமென்றால் நேரம் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.