கல்லூரி ஜெபக்குழுவுக்கு என்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். பிரசங்கம் பண்ண வராது. விலகிவிடலாமா?

பொறியியல் இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறீர்கள், சீனியர்கள் உங்களை அடுத்த ஆண்டுக்குத் தலைவராகச் சொல்லிவிட்டார்கள், உங்களுக்கு மேடையில் பேசவும் வராது பாடவும் வராது என்று எழுதியிருக்கிறீர்கள். விலகாதீர்கள், தம்பி. நான் படித்த காலத்தில் எங்கள் கல்லூரிக் குழுவின் கமிட்டியில் இருந்தேன். படிப்பு முடிந்தபிறகும் மாணவர்களோடு தொடர்பில்தான் இருக்கிறேன். நன்றாகப் பேசுகிற தலைவர்கள் இருந்த குழுக்கள் அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன மறு வருடமே கலைந்ததைப் பார்த்திருக்கிறேன். வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஒருவர் நடத்திய குழு இன்னும் நடக்கிறது.

காரணம் எளிது. கல்லூரிக் குழுவில் ஒருவர் இருப்பதே நான்கு வருடம்தான். ஒவ்வொரு மே மாதமும் விவரம் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே போய்விடுகிறார்கள். சபையில் முப்பது வருடம் ஒரே மூப்பர் இருக்கலாம், இங்கே அது நடக்காது. அதனால் உங்கள் முதல் வேலை வாராந்தரக் கூட்டம் இல்லை, உங்களுக்கு அடுத்து வரப்போகிறவர். இரண்டாம் தீமோத்தேயு 2:2ஐ எடுத்துப் பாருங்கள். பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கற்கப்போகிற மற்றவர்கள் என்று ஒரே வசனத்தில் நான்கு தலைமுறை இருக்கிறது. உங்கள் கல்லூரியில் ஃபைனல் இயரிலிருந்து ஃபர்ஸ்ட் இயர் வரைக்கும் அதே நான்குதான்.

மாணவர் ஊழியத்தின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1806 ஆகஸ்டில் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் ஐந்து மாணவர்கள் வயல்வெளியில் ஜெபிக்கப் போனார்கள். இடிமழை பிடித்துக்கொள்ள, ஒரு வைக்கோல் போரின் ஓரத்தில் ஒதுங்கி அங்கேயே ஜெபித்தார்கள். பாஸ்டர் யாரும் கூட இல்லை. அந்தத் தூண்டுதலில் பிறந்ததுதான் 1810இல் அமைந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷனெரி சங்கம். அதன் ஊழியர்கள் 1816இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கினார்கள், 1834இல் மதுரைக்கு வந்தார்கள். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா ஜான் ஸ்கடரை 1819இல் அனுப்பியதும் இதே சங்கம்தான். ஆனால் அந்த ஐவருக்கும் முன்னால் நின்ற சாமுவேல் மில்ஸ் இந்தியாவுக்கு வரவே இல்லை. மற்றவர்களைத் தூண்டி அனுப்பிவிட்டு, 1818இல் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பும்போது கடலிலேயே இறந்துபோனார். நம் ஊர்வரை வந்து சேர்ந்தது அவர் கைமாற்றிக் கொடுத்ததுதான்.

சரி, கைமாற்றுவது எப்படி? எங்கள் கல்லூரியில் ஒரு சீனியர் அக்கா இருந்தார். மெக்கானிக்கல், ஹாஸ்டல், குரல் மெலிது. அவர் கையில் எப்போதும் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்று இருக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிப் பக்கம். "தமிழ் மீடியம், கணக்கு பயம், கிளாஸில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை." "அப்பாவுக்கு டயாலிசிஸ், செவ்வாய், வெள்ளி." "மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, ஊருக்குப் போக அழுகிறாள்." கணக்கு பயம் என்று எழுதிய பிள்ளைக்கு இன்டர்னல்ஸுக்கு முந்தின வாரம் சாயங்காலம் மெஸ்ஸிலேயே உட்கார்ந்து கணக்கு சொல்லிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த இன்னொரு பிள்ளையின் அறைக்குப் போய் "அப்பா எப்படி இருக்கிறார்" என்று கேட்பார், கேட்டுவிட்டு ஜெபிப்பார். அவ்வளவுதான். மூன்றாம் வருடம் அந்த வேலைக்கு ஒரு ஜூனியரையும் கூட்டிக்கொண்டு நடந்தார். போகும்போது நோட்டு அந்த ஜூனியர் கைக்குப் போனது. என் கண்ணுக்குத் தெரிந்த தலைமைத்துவம் இதுதான்.

தூத்துக்குடி மாவட்டம் வெள்ளாளன்விளையில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பிற்பாடு தோர்ணக்கல் பேராயரான அசரியா 1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மிஷனெரிகளிடம் கேட்டது ஞாபகத்துக்கு வருகிறது. நீங்கள் தியாகம் செய்தீர்கள், பொருள் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். புதிதாக ஹாஸ்டலுக்கு வந்து நிற்கிற பிள்ளையும் வாய்விட்டுச் சொல்லாமல் அதைத்தான் கேட்கிறது.

நண்பர்கள் என்றதும் சொல்லியே ஆகவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் குழுக்களில் "சொந்த ஊர் எது, எந்த சபை" என்ற கேள்வி சும்மா விசாரிப்பாகத்தான் தொடங்கும். பல நேரம் அதற்குள் சாதி விசாரணை ஒளிந்திருக்கும். ஒரே மாவட்டத்துக்காரர்கள் ஒன்றாக உட்காருவது, கமிட்டிக்கும் அவர்களிலிருந்தே ஆள் எடுப்பது, மற்றவர்கள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவது எல்லாம் நடக்கிறது. யாரும் சண்டை போட்டுப் போவதில்லை என்பதால் யாருக்கும் தெரிவதும் இல்லை. தலைவர் என்ற முறையில் இதைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள்தான். வராமல் நின்றவர்களைத் தேடிப் போங்கள். கமிட்டிக்குப் பெயர் சொல்லும்போது அந்தப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள், எல்லாம் ஒரே வட்டாரமாக இருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். கிறிஸ்துவின் பெயரில் கூடுகிற இடத்தில் ஒரு பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொல்லத் தயங்கினால் அந்தக் கூட்டத்தில் என்ன பாடினாலும் என் மனசுக்கு ஒப்பாது.

சபைப் பிரிவு வேறு. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, லுத்தரன், ஆர்.சி. எல்லோரும் வருவார்கள். ஞானஸ்நானம், அந்நியபாஷை, நகை போடலாமா என்ற விவாதத்தில் மணிக்கணக்காகப் போகும், மறுவாரம் பாதிப்பேர் வரமாட்டார்கள். வேதப்பகுதியைத் திறந்து, இங்கே என்ன சொல்லியிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், எனக்கு என்ன என்ற மூன்று கேள்வியோடு எல்லோரையும் பேசவிடுங்கள். பிரசங்கம் வராதவருக்கு இதைவிட நல்ல முறை கிடையாது. கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

ஜெபக்குறிப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒருத்தி அழுதுகொண்டே சொன்ன வீட்டுப் பிரச்சினை ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுவில் "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வந்தால், அப்புறம் யாரும் உண்மை பேசமாட்டார்கள். ரகசியத்துக்கு ஒரே விலக்கு: யாராவது உயிரை விடுவது பற்றிப் பேசினால் ஜெபம் பண்ணி அனுப்பிவிடாதீர்கள். அன்று ராத்திரி அந்தப் பிள்ளையைத் தனியாக விடாமல், நம்பகமான ஆசிரியரிடமோ வார்டனிடமோ வீட்டிலோ சொல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

வெளி ஆட்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாஸ்டர்களை அழையுங்கள், மரியாதை கொடுங்கள், ஆனால் குழுவை ஒருவர் கையில் ஒப்படைக்காதீர்கள். 1954இல் தொடங்கிய யு.ஈ.எஸ்.ஐ. போன்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களில் மாணவர்களே நடத்துவது, பட்டதாரிகள் பின்னால் நின்று தாங்குவது என்ற வழக்கம் உண்டு. அது எனக்குச் சரியாகப்படுகிறது. தப்பும் தவறுமாக நீங்களே நடத்தினால்தான் கற்றுக்கொள்வீர்கள்.

இடத்துக்குக் கல்லூரி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வேறு ஒன்றைச் சொல்லி அறை வாங்குவது சாட்சிக்கே கேடு. இந்து, முஸ்லிம் நண்பர்கள் விரும்பி வந்தால் அன்பாக வரவேற்று, கேட்டால் மனம் திறந்து பேசுங்கள். வற்புறுத்தல், உதவி செய்துவிட்டுப் பதிலுக்கு எதிர்பார்ப்பது இரண்டும் வேண்டாம். நோட்ஸ் கொடுத்தால் நோட்ஸுக்காகவே கொடுங்கள்.

படிப்பை விடாதீர்கள். தலைவருக்கு அரியர் ஏறினால், அடுத்த வருடம் இந்தப் பொறுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப எந்தப் பெற்றோரும் சம்மதிக்கமாட்டார்கள். மாடல் எக்ஸாம் வாரத்தில் கூட்டத்தை அரைமணி நேரமாகச் சுருக்கிவிடுங்கள்.

ஜூலையில் பொறுப்பேற்றதும் முதல் கூட்டத்தை நீங்கள் நடத்துங்கள். இரண்டாவதை ஒரு இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, முந்தின நாள் ராத்திரி அவரோடு உட்கார்ந்து அந்த வேதப்பகுதியைச் சேர்ந்து படியுங்கள்.