கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் இரண்டு நாள் வருகிறோம். உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் டிபன் கடை, காபிக் கடை, மதியச் சாப்பாட்டுக் கடை எது எது?

இந்தக் கேள்வியை மூன்று நாளாகப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஏற்கெனவே நிறையப் பேர் பதில் எழுதிவிட்டார்கள். பாதிப் பேர் ஊரை விட்டுப் போய் இருபது வருடம் ஆனவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அவர்கள் சொன்ன கடைகளில் ஒன்று இப்போது செல்போன் கடை. அதையெல்லாம் விட்டுவிடலாம். ஒருவர் மட்டும், "டிரைவர் கூட்டிப்போகும் கடைக்குப் போகாதீர்கள், எல்லாம் கமிஷன்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் டிரைவர்.

பத்தொன்பது வருடமாகக் கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில் சவாரி ஓட்டுகிறேன். நீங்கள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறீர்கள், கூட வயதானவர்கள் இருக்கிறார்கள், கோயிலும் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன். சாப்பிடுவதற்கு மட்டும் கும்பகோணம் வந்தவரை நான் இதுவரை வண்டியில் ஏற்றியதில்லை.

கமிஷன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பைபாஸில் பெரிய பார்க்கிங் வைத்த ஓட்டல்களில் ஆள் கொண்டுபோனால் டிரைவருக்குச் சாப்பாடு இலவசம். சில இடத்தில் கையில் நூறு ரூபாய் வைப்பார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன், மறைக்கவில்லை. மூன்று வேளையும் காசு கொடுத்துச் சாப்பிட்டால் பேட்டாவில் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? ஆனால் நான் கீழே சொல்லப்போகும் கடைகளில் ஒன்றில்கூட எனக்கு ஓசியில் ஒரு வடை கிடைத்ததில்லை. "வண்டியை எங்கய்யா நிறுத்துற, எடு எடு" என்ற திட்டுதான் கிடைத்திருக்கிறது. நம்பினால் மேலே படியுங்கள்.

இந்தப் பக்கம் எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணி என்பதுதான் முக்கியம். வெளியூர்க்காரர்களுக்கு இது லேசில் புரியாது. கோயில்களில் பெரும்பாலும் மதியம் 12, 12.30-க்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். சின்னக் கடைகளும் அந்தக் கணக்கில்தான் அடுப்பு மூட்டுகின்றன. விடியற்காலையில் இட்லி, 9 மணிக்குப் பாத்திரம் கழுவல், 12-க்குச் சாப்பாடு, 2.30-க்கு இலை தீர்ந்தது, அவ்வளவுதான். நாள் முழுக்க எல்லாம் கிடைக்கும் கடை என்றால் அது நம்மூர்க்காரனுக்காகத் திறந்த கடை இல்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர்க் குடும்பம். கணவன் மனைவி, எட்டாவது படிக்கும் பெண், கணவருடைய அப்பா அம்மா. பெரியவருக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரைப் பையைக் கையிலேயே வைத்திருந்தார். காலை 5.30-க்குக் கிளம்பி முதலில் திங்களூர் முடித்தோம். திருவையாறு பக்கத்தில்தான், ஆண்டவர் கடையில் அசோகா சாப்பிடலாம் என்றேன். பாசிப்பருப்பும் நெய்யுமாகச் சுடச்சுடத் தருவார்கள், நாக்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். "காலங்காத்தால இனிப்பாங்கண்ணா?" என்றார் மகன். சரி, அது நியாயம்தான்.

திரும்பி வரும் வழியில் ஆற்றங்கரையோரம் ஒரு ஓட்டு வீடு. பலகை கிடையாது, இரண்டு பெஞ்சு, ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடப்பா போடுவார்கள். கடப்பா தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெந்த பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அதில் தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சை மிளகாய் அரைத்து விட்டுக் கொதிக்க வைப்பது. பார்த்தால் வெளிறிப்போன குருமா மாதிரி இருக்கும். அதனாலேயே வெளியூர்க்காரர்கள் கையை வைக்கமாட்டார்கள். இட்லியை அதில் முக்கிவிட்டு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டினால் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கை குறைவு. இங்கேயே எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது, கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

வண்டியை ஓரம் கட்டினேன். மகன் இறங்கவில்லை. போனைப் பார்த்தார். "இந்தக் கடை மேப்புலயே இல்லைங்கண்ணா. அப்பாவுக்கு ஒத்துக்காம போயிருச்சுன்னா வம்பு. கும்பகோணத்துல ஏசி ஓட்டல் ஒண்ணு நாலரை ஸ்டார் காட்டுது, அங்கயே போயிரலாங்க." பெரியவர் ஜன்னல் வழியாக அந்த இட்லிப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி மகனுடையது இல்லை, ஆனால் அன்றைக்கு நாள் அவருடையதுதானே.

ஏசி ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். உட்கார இடம் கிடைக்க அரை மணி, தோசை வர இன்னொரு அரை மணி. கிளம்பும்போது மணி 10. ஆலங்குடி ஆயிற்று, திருநாகேஸ்வரம் ஆயிற்று, சூரியனார்கோயில் வாசலில் போய் நின்றபோது நடை சாத்திவிட்டார்கள். கஞ்சனூரும் போச்சு. அங்கேயே சொன்னேன்: "சார், ஆடுதுறையில இப்பவே சாப்பிட்டுடலாம், நாலு மணி வரைக்கும் நமக்கு வேற வேலை இல்லை." "டிபனே லேட்டாத்தான சாப்பிட்டோங்க, மாயவரத்துல பாத்துக்கலாம்" என்றார். மழை வேறு பிடித்துக்கொண்டது. மாயவரத்தில் போன் காட்டிய சந்துக்குள் போனால் அந்தக் கடை இருந்த இடத்தில் ஜெராக்ஸ் கடை. மணி 3 ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த மெஸ்ஸில் அண்டாவைக் கவிழ்த்துவைத்துவிட்டார்கள். திரும்பி வண்டியில் ஏறினால் பெரியவருக்குக் கை நடுங்குகிறது, சட்டையெல்லாம் வேர்வை.

டீக்கடையில் ஓடிப்போய்ச் சர்க்கரை வாங்கி வாயில் போட்டோம். கொஞ்சம் தெளிந்ததும், என் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்த தயிர்ச்சாதத்தைப் பிரித்தேன். நார்த்தங்காய் ஒரு துண்டு. டப்பாவைக் காலி பண்ணிவிட்டு அடிபம்பில் அவரே கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். "உங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். மகன் பர்ஸை எடுத்து, "எவ்வளவுங்கண்ணா ஆச்சு இதுக்கு?" என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பயந்துபோயிருந்தார். ஆனால் நாலு நாள் கழித்து எங்கள் டிராவல்ஸின் இணையப் பக்கத்தில் இரண்டு ஸ்டார் போட்டு எழுதியிருந்தார்: டிரைவர் தனக்குக் கமிஷன் வரும் கடைக்கே கூட்டிப்போகப் பார்த்தார், மதியச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்று. அந்த அக்கா எனக்குக் கமிஷன் கொடுக்கிறாராம்! நான் சாப்பிட்ட நாலு இட்லிக்கு ஐந்து என்று கணக்குச் சொல்லி என்னோடு சண்டை போட்டவர் அவர்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

கும்பகோணத்தில் காலை டிபனுக்கு மங்களாம்பிகா, கும்பேஸ்வரர் கோயில் பக்கம். பழைய கடை, இடுக்கு, ஏசி எதிர்பார்க்காதீர்கள். காபிக்கே போகலாம். காந்தி பூங்கா பக்கம் வெங்கட்ரமணா, வயதானவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வசதி. இரண்டுக்கும் 8 மணிக்குள் போய்விடுங்கள். மாயவரம் என்கிற மயிலாடுதுறையில் காளியாகுடி, பெயர் கேட்டாலே வழி சொல்வார்கள், அல்வா வாங்காமல் வராதீர்கள். திருச்சி வழியாக வருகிறவர்கள் திருவானைக்காவலில் பார்த்தசாரதி விலாஸில் நெய் தோசை சாப்பிட்டுவிட்டு வரலாம், அது கிட்டத்தட்ட டெல்டாவின் வாசல்படி. இவையெல்லாம் ஊரறிந்த கடைகள், நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. "இதைச் சொல்ல நீ எதற்கு" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள், போடுங்கள்.

காபி பற்றி ஒன்று. செங்கல்பட்டு தாண்டியதும் ரோட்டோரம் கிலோமீட்டருக்கு ஒரு "கும்பகோணம் டிகிரி காபி" பலகை பார்த்திருப்பீர்கள். பித்தளை டபரா செட்டும் இருக்கும். டிகிரி என்பது பால்மானியில் பார்த்த டிகிரி என்பார்கள், முதல் டிகாஷன் என்பார்கள், சிக்கரிதான் திரிந்து டிகிரி ஆனது என்பார்கள். எதுவாக இருந்தாலும் விஷயம் பாலில்தான். தண்ணீர் கலக்காத, அப்போதுதான் கறந்து வந்த பசும்பால், அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக்கூடாது. பாக்கெட் பாலை வைத்துப் பித்தளையில் ஊற்றினால் கும்பகோணம் ஆகிவிடுமா? ஊருக்குள் நல்ல காபி போடும் கடைகளில் பாதிக்கு அந்தப் பலகையே கிடையாது. காலை 6 மணிக்கு எந்தக் கடை வாசலில் வேட்டி கட்டிய பெரிசுகள் நின்றுகொண்டு குடிக்கிறார்களோ அங்கே நில்லுங்கள். சர்க்கரை கம்மி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கலந்த பிறகு சொன்னால் முறைப்பார்கள்.

மதியத்துக்கு: இலைச் சாப்பாடு போடும் மெஸ்ஸாகப் பாருங்கள், கோயில் தெருக்களிலேயே இருக்கும், 12.30-க்குள் உட்காருங்கள். இலை போட்டதும் அவசரப்படாதீர்கள். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று நாலு தடவை சோறு வரும். சாம்பாரோடு வயிறு நிரப்பிவிட்டு ரசத்துக்கு வேண்டாம் என்கிறவர்களைப் பார்த்தால் எனக்கே சாப்பிட முடியாது. தஞ்சாவூர் அரண்மனையில் கைடு யாராவது, சாம்பார் பிறந்தது இந்த மராட்டிய ராஜாக்கள் சமையற்கட்டில்தான் என்று கதை சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், நல்ல கதை.

அன்றைக்கு அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் குழந்தை ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டது: "இது உங்க ஊரு அரிசிதானுங்களா மாமா?" இல்லைம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதை இங்கே சொல்லக்கூடாதுதான், கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் டெல்டா டெல்டா என்று பச்சை வயலைப் படம் எடுக்கிறீர்களே, ஓட்டலில் உங்கள் இலையில் விழுவது அனேகமாகக் கர்நாடகப் பொன்னி. 1922-லிருந்து ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பக்கத்து ஊர் ஓட்டலில் வெளி மாநில அரிசி. எனக்கும் நாலு மா, அதாவது ஒரு ஏக்கர் சொச்சம், வயல் உண்டு. சாவித்திரி நெல் போட்டோம், 160 நாள் பயிர். அறுத்து அரசுக் கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, காய வைத்துக் கொண்டுவா என்றார்கள். கொள்முதல் நிலைய வாசலில் ஒன்பது நாள். தை மாதம் எவன் மழை பெய்யச் சொன்னான்? தார்ப்பாய்க்கு வாடகை கொடுத்துக்கொண்டே நெல் முளை விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சவாரி நாலு போச்சு. அந்த நெல் கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று எழுதினால் என் மனைவி படிப்பாள், வேண்டாம்.

அசைவம் கேட்பவர்களுக்கு: கோயில் முடிந்து சென்னைக்குத் திரும்பும்போது கொள்ளிடம் அணைக்கரையில் நிறுத்துங்கள். மீன் வறுவல் கடைகள் இருக்கும். கெண்டையா விராலா என்று கேட்டு, சட்டியில் போடுவதற்கு முன்னால் மீனைப் பார்த்துவிடுங்கள். நாகூர் வரை போகிறவர்கள் சாயங்காலம் வாடா சாப்பிடுங்கள், இறால் வைத்தது. வடை என்று நினைத்து ஒன்று போதும் என்பீர்கள், மூன்றாவது கேட்பீர்கள்.

மன்னார்குடி பக்கம் போகிற வேலை இருந்தால் நீடாமங்கலத்தில் பால்திரட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்யும் இனிப்பு. ரயில்வே கேட் மூடியிருந்தால் கோபப்படாதீர்கள், அந்த நேரத்தில்தான் இறங்கிப்போய் வாங்குவோம்.

அந்த அக்கா கடை எந்த ஊர் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். போன மாதம் போயிருந்தேன். யாரோ படம் எடுத்து மேப்பில் போட்டுவிட்டார்கள். 7.30-க்கே கடப்பா தீர்ந்துவிட்டது, எனக்கு வெறும் மிளகாய்ப்பொடி.