நல்ல மனசு மட்டும் போதாது: மறதி நோய்ப் பராமரிப்பு படிக்க விரும்பும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்ஸி. உளவியல் முடித்த மகள் எம்.பி.ஏ. சேருவாள், இல்லையென்றால் வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நினைத்திருந்தீர்கள். அவளோ டிமென்ஷியா என்ற மறதி நோய் வந்த முதியவர்களோடு வேலை செய்யப் பயிற்சி எடுக்கப் போகிறேன் என்கிறாள். "ஆயா வேலை பார்க்கவா மூணு வருஷம் படிக்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டு, அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கவலைப்படுவதில் தப்பே இல்லை. அந்த வேலை என்ன, அதற்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம். அதற்குப் பிறகும் கவலை இருந்தால் அதையும் பேசலாம்.

என் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன். என் மாமியார் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். 1982இல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அரிசி, பருப்பு, முட்டைக் கணக்கோடு வாழ்ந்தவர். பிற்காலத்தில் மறதி நோய் வந்தது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஒரு ஏஜென்சி மூலம் ஒரு பெண்ணை வைத்தோம். இருபது வயதுகூட இருக்காது.

தினமும் காலை பத்தரை, பதினொன்று ஆனால் மாமியார் கேட்டைப் பிடித்து ஆட்டத் தொடங்குவார். "அரிசி அளக்கணும், பிள்ளைங்க வந்துடும், கதவைத் திறங்கடி!" அந்தப் பெண், "நீங்க ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு பாட்டி, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுப்பாள். அவர் அடிப்பார், கிள்ளுவார். ஒருநாள் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது மாமியாரின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம். துப்பட்டாவால் கட்டிலோடு கட்டியிருக்கிறாள். ஏஜென்சிக்குப் போன் செய்து கேட்டேன். "மூணு நாள் டிரெயினிங் கொடுத்துத்தானே அனுப்புறோம்" என்றார்கள். டயப்பர் மாற்றுவது, பி.பி. பார்ப்பது, படுக்கை விரிப்பை மாற்றுவது. அந்த மூன்று நாளில் மறதி நோய்க்கென்று ஒரு மணி நேரம்கூட இல்லை.

அடுத்து வந்தவர் நாற்பது வயதைக் கடந்த ஒரு அம்மா. முறையாகப் பயிற்சி எடுத்தவர். முதல் நாளே எங்களை உட்கார வைத்து கேள்வி கேட்டார். காலையில் எத்தனை மணிக்கு எழுவார், காபியா டீயா, என்ன வேலை பார்த்தார், யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், எதற்குப் பயப்படுவார் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு மாமியார் கேட்டுக்குப் போனதும் இவரும் போய்ப் பக்கத்தில் நின்றார். "இன்னைக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" "நூத்தி இருபது." "அப்ப நீங்க அளந்து குடுங்க, நான் எடுத்து வைக்கிறேன்." முறத்தில் அரிசியும் ஒரு படியும் தயாராக வைத்திருந்தார். மாமியார் உட்கார்ந்து அரை மணி நேரம் அளந்தார், அப்புறம் கல் பொறுக்கினார். நோய் அதன் போக்கில் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெரும்பாலான நாட்களில் கேட்டை ஆட்டுவது நின்றுபோனது.

முதலில் வந்த பெண்ணும் பாசமானவள்தான். தன் பாட்டியைப் பற்றி என்னிடம் அழுதுகொண்டே பேசியிருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். "நல்ல மனசு இருந்தால் போதும், இதற்கெல்லாம் எதற்குப் படிப்பு?" என்று யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிக்கட்டுத் தடம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சரி, நல்ல பயிற்சியில் என்ன கற்றுத்தருவார்கள்?

மறதி நோய் என்பது ஒரே நோய் அல்ல என்பதிலிருந்து தொடங்குவார்கள். அல்சைமர் நோய்தான் அதிகம். மொத்தத்தில் 60 முதல் 70 விழுக்காடு வரை அதனால் வருவது. பக்கவாதத்தாலும் ரத்தக்குழாய் அடைப்பாலும் வருவது உண்டு. லூயி பாடி வகையில் இல்லாத ஆளும் பூனையும் கண்ணுக்குத் தெரியும். மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகையில் ஞாபகம் ஓரளவு இருக்கும்போதே குணம் மாறிவிடும். கண்ணியமாக வாழ்ந்தவர் கூச்சமில்லாமல் பேசுவார், கடையில் பொருளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். வகை தெரிந்தால்தான் "வேணும்னே பண்றார்" என்ற பேச்சு நிற்கும்.

பிறகு அணுகுமுறை. பின்னாலிருந்து தொடாமல் முன்னால் போய், கண் மட்டத்தில் நின்று, பெயர் சொல்லி அழைப்பது. ஒரு நேரத்தில் ஒரே விஷயம் சொல்வது. "எழுந்து, பல் தேய்த்து, குளித்துவிட்டு வாங்க" என்றால் அதில் மூன்று வேலை இருக்கிறது; அவருக்கு ஒன்றும் பிடிபடாது. குளிக்க மறுத்தால், தண்ணீர் குளிர்கிறதா, தலையில் ஊற்றும்போது பயப்படுகிறாரா, தெரியாத ஆள் முன்னால் துணி அவிழ்க்கக் கூசுகிறாரா என்று பார்ப்பது. வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி வைத்தால் சிலருக்கு இட்லி கண்ணுக்கே தெரியாது. தட்டின் நிறத்தை மாற்றிப் பார்ப்பது. பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் நழுவும். ஐம்பது வருடம் மதுரைக் கடைவீதியில் தமிழ் பேசிய சௌராஷ்டிர மூதாட்டி தாய்மொழிக்கே திரும்பிவிடுவதுண்டு. "பாட்டி ஏதோ உளறுறாங்க" என்று எழுதிவைக்கும் ஊழியருக்கும், அந்த மொழி தெரிந்த ஒருவரைத் தேடிக் கூட்டிவரும் ஊழியருக்கும் நடுவில் இருப்பது பயிற்சி.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பணிபுரிந்த டாம் கிட்வுட். நோயைவிட அந்த ஆளை முன்னால் வையுங்கள் என்று 1990களில் அழுத்திச் சொன்னவர். சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதமே நோயாளியை இன்னும் சுருங்க வைக்கும் என்பது அவர் வாதம். அவசரப்படுத்துவது, குழந்தையைப் போல நடத்துவது, எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் மகள் உளவியல் படித்தவள் என்பதால் இந்தப் பகுதி அவளுக்கு வேகமாகப் பிடிபடும்.

இன்னொன்று, உயிர் காக்கும் பாடம். நேற்றுவரை ஓரளவு சரியாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பிதற்றினாலோ, மந்தமாகிவிட்டாலோ அது மறதி நோய் முற்றியது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை என்று வேறு காரணம் இருக்கும். உடனே டாக்டரிடம் போக வேண்டும். இதைக் கவனித்துச் சொல்லக்கூடியவர் நாள் முழுக்கக் கூடவே இருக்கும் பராமரிப்பாளர்தான். அதேபோல, அமைதிப்படுத்த என்று கொடுக்கும் மனநோய் மாத்திரைகளால் இவர்களுக்குப் பக்கவாத ஆபத்தும் உயிராபத்தும் கூடுகின்றன. அதனால்தான் மாத்திரைக்கு முன்னால் முறமும் படியும்.

இனி உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழி. எந்தக் கோர்ஸுக்கும் இப்போதே பணம் கட்ட வேண்டாம். முதலில் எட்டு வாரம் தன்னார்வலராகப் போகட்டும், வாரத்தில் இரண்டு நாள். நீங்கள் இருக்கும் தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்துப் போய்வரும் தூரத்தில்தான் சென்னையின் வாய்ப்புகள் எல்லாம் இருக்கின்றன. 1984இல் மனநல மருத்துவர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு டெம்கேர்ஸ் என்ற பெயரில் மறதி நோய்க்கெனத் தனிப் பிரிவு நடத்துகிறது. 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற இந்திய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இடம் இருக்கிறதா, தன்னார்வலர்களுக்கு என்ன பயிற்சி தருகிறார்கள் என்று அவளே கேட்கட்டும். பயிற்சியே தராமல், "வாங்க, வந்து தாத்தா பாட்டிகளோட பேசிட்டு இருங்க" என்று உள்ளே விடும் இடமாக இருந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

தன்னார்வலருக்குப் பெரிய படிப்பு தேவையில்லை, ஆனால் தொடக்கப் பயிற்சி கட்டாயம் தேவை. ஜப்பானில் 2005 முதல் 90 நிமிட வகுப்பு ஒன்று நடத்துகிறார்கள். கடைக்காரர், வங்கி ஊழியர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் முடித்திருக்கிறார்கள். பல வருடம் அதற்கு அடையாளமாகக் கையில் ஆரஞ்சு நிற வளையம் கொடுத்தார்கள். வழி தெரியாமல் நிற்கும் ஒரு முதியவரிடம் எப்படிப் பேசுவது என்பது போன்ற அடிப்படைகளுக்கு 90 நிமிடம் போதும். ஒருவரைக் குளிப்பாட்டுவதற்குப் போதாது. இந்த எல்லை தன்னார்வலருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவரை வரவேற்கும் இல்லத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஊக்கத்தோடு வந்த பிள்ளைகளிடம் ஊட்டிவிடும் வேலையைக் கொடுத்து, முதியவருக்குப் புரையேறித் திணறிய இடங்கள் உண்டு. விழுங்கும் திறன் குறைந்தவருக்கு ஊட்டுவது தனிப் பயிற்சி.

அவளுக்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது அறிவுத்திறன் தூண்டல் சிகிச்சை. ஆங்கில எழுத்தில் சி.எஸ்.டி. என்பார்கள். வாரம் இரண்டு அமர்வு, ஏழு வாரம், மொத்தம் 14. சிறு குழுவாக உட்கார்ந்து பாட்டு, சாப்பாடு, சின்ன வயசு, இன்றைய செய்தி என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருள். இங்கிலாந்தில் உருவான இதை ஸ்கார்ஃப் தமிழுக்கும் நம் வாழ்க்கைக்கும் ஏற்றபடி மாற்றியிருக்கிறது. இதில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். "இது எந்தப் படத்துப் பாட்டு, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால் தெரியாதவர் தலைகுனிவார். "இந்தப் பாட்டு நல்லா இருக்கா, அந்தப் பாட்டு நல்லா இருக்கா?" என்று கேட்டால் யாரும் தோற்க மாட்டார்கள். கேட்க எளிது, பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து கடைப்பிடிக்கப் பழக்கம் வேண்டும்.

எட்டு வாரம் கழித்தும் அவளுக்கு இதே எண்ணம் இருந்தால் படிப்பைப் பேசலாம். கைவேலையிலிருந்து தொடங்க நினைப்பவர்களுக்கு ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு என்ற திறன் பயிற்சிகள் சில மாதங்களில் முடியும். பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நர்சிங் படிப்புகள் உண்டு: இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்ஸி. நர்சிங். உங்கள் மகள் பட்டதாரி என்பதால் அவளுக்கு வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலையில் மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவு எடுக்கலாம், இரண்டு வருடம். எழும்பூரில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இருக்கிறது. டெல்லியில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புக்கென்று பயிற்சிகள் நடத்துகிறது. நினைவாற்றல் பரிசோதனை செய்யும் நிபுணராக வேண்டுமென்றால் முதுகலைக்குப் பிறகு இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த கிளினிக்கல் சைக்காலஜி படிப்பு. இது நீண்ட வழி, இடங்களும் குறைவு.

எனக்கு அவளிடம் தெரிவது நான்காவது ஒரு வழி: பயிற்றுநர். முதியோர் இல்லங்களும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அங்கே வேலைக்கு வரும் பெண்களுக்குத் தமிழில், அவர்களுக்குப் புரியும்படி இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். என் வீட்டுக்கு முதலில் வந்த அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஆள்தான். ஆனால் இரண்டு வருடமாவது கையால் வேலை செய்யாதவர் பயிற்றுநர் ஆகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

வேலை இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது. கிண்டியில் 2024இல் முதியோருக்கென்றே தேசிய மருத்துவமனை திறந்தாகிவிட்டது. வேலை இருக்கும். சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஏஜென்சி வழியாகப் போனால் குடும்பம் கொடுக்கும் பணம் முழுவதும் கைக்கு வராது. எத்தனை மணி நேரம், விடுமுறை என்ன, கையில் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் தரவே கூடாது.

கோர்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது, நோயாளிகளோடு நேரடியாக எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பாடம் நடத்துபவர்களில் நர்ஸ் இருக்கிறாரா, வீட்டில் பார்த்துக்கொண்ட குடும்பத்தினர் யாராவது வந்து பேசுவார்களா என்று கேளுங்கள். ஒரே நாளில் ஆன்லைனில் சான்றிதழ் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வெளிநாட்டுப் பேச்சும் வரும். இங்கிலாந்து 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பு ஊழியர்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. அந்த விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜப்பான் வழி இருக்கிறது. மொழித் தேர்வும் பராமரிப்புத் தேர்வும் எழுத வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் விசாரித்த பிறகுதான் மற்றவர்களிடம் பேச வேண்டும்.

"பொண்ணு என்ன வேலை பார்க்குதுன்னு மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?" என்று அவள் அம்மா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரையும் ஒருநாள் மகளோடு அந்த இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். மகள் ஒரு முதியவர் முன்னால் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்துவிட்டு, என்ன சொல்லலாம் என்று அவரே முடிவு செய்யட்டும்.

மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு நிகழ்ச்சியை எழுதினால் போதும்: முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதற்கு இவள் என்ன செய்தாள், பிறகு என்ன ஆனது. பக்கத்தின் கீழே, தனக்கு அன்று எப்படி இருந்தது என்று ஒரு வரி. இந்த வேலையில் மனம் களைத்துப்போவது உண்டு. அது முதலில் அந்த ஒரு வரியில்தான் தெரியும். எட்டு வாரம் முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேரும் வாருங்கள். அதைப் படித்துவிட்டு எந்தப் படிப்பு என்று உட்கார்ந்து முடிவு செய்வோம்.