டெமு ரயில் என்றால் என்ன? அதில் தனி எஞ்சின் ஏன் இல்லை?

டெமு என்பது டீசல் எஞ்சினைப் பயணிகள் பெட்டியோடு சேர்த்தே கட்டிய ரயில். எஞ்சின் அறை உள்ள பெட்டியிலேயே மிச்ச இடத்தில் ஆட்கள் உட்காரலாம், ஓட்டுநர் அறை இரண்டு முனையிலும் இருக்கும். சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் 1400 குதிரைத்திறன் வண்டிகள்கூடச் செய்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? பாரம் வண்டியில் மாட்டை அவிழ்த்து, சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் பூட்டுவதை நினைத்துப் பாருங்கள், தனி எஞ்சின் ரயில் கடைசி ஸ்டேஷனில் செய்வது அதுதான். அதற்குத் தனித் தண்டவாளம், ஆள், நேரம் எல்லாம் வேண்டும். டெமுவில் ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் போதும், வண்டி கிளம்பிவிடும். பக்கத்து ஊர்களுக்குத் தினமும் வேலைக்கும் படிப்புக்கும் போய்வரும் கூட்டத்துக்கு, அதுவும் மேலே மின்கம்பி போடாத பாதையில், இது தோதான ஏற்பாடு.

திருவாரூர்–காரைக்குடி அகலப்பாதையில் 2019-இல் டெமு விட்டபோது ஆமை வேகம் என்று திட்டினார்கள். பாவம், வண்டி மேல் குற்றமில்லை. கேட் கீப்பர்கள் போதாமல், ரயிலிலேயே வந்த ஊழியர்கள் இறங்கி இறங்கி கேட்டை மூடித் திறந்தார்கள்.

அப்புறம், டீசல் எஞ்சின் நேராகச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டெமுவில் அது மின்சாரம்தான் தயாரிக்கிறது, சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார்.